வாழ்த்து அட்டையும் வசூல் தாளும்
பண்டிகைச் சுமை பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

பண்டிகை என்றால் ஓய்வு, கொண்டாட்டம், உறவுகள் கூடுவது என்றுதான் பொதுப்புத்தி நமக்குச் சொல்லி வந்திருக்கிறது. பண்டிகை நெருங்கினாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சொல்கிறவர்களும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். யார் யாருக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், வருகிறவர்களுக்கு என்ன கொடுக்க வேண்டும், போன வருஷம் அவர்கள் செய்ததற்கு இந்த வருஷம் நாம் என்ன செய்வது, யாரை விட்டுவிட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்கிற கணக்கு முழுவதும் யாரோ ஒருவர் தலைக்குள் ஓடிக்கொண்டேயிருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் தலை. இந்தத் தலைவலிக்கு வணிகப் பத்திரிகைகள் வருஷா வருஷம் மருந்து எழுதித் தருகின்றன. பட்டியல் போடுங்கள், ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள், சிரித்த முகத்தோடு இருங்கள்.

இதென்ன பெரிய விஷயம், இதையெல்லாமா ஒரு சிறுபத்திரிகையில் எழுதுவது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். உற்பத்தி, அரசு, சாதி, அதிகாரம் என்று பேசும்போது பண்டிகைப் பலகாரத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் அங்கே இடமில்லை என்று நினைப்பது நம்மிடையே உள்ள ஒரு பழக்கம்தான். ஆனால் கூலி வாங்காமல் செய்யப்படுகிற, வேலை என்ற பெயரே இல்லாத வேலைகள் எப்படி உருவாக்கப்பட்டன, யார் தலையில் ஏற்றப்பட்டன என்பதற்குப் பண்டிகையை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இந்தச் சுமையைக் குறைப்பதற்கு நடந்த முயற்சிகளுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும், அதைத் தொடர்ந்து அமெரிக்காவிலும் அது மூன்று வழிகளில் நடந்திருக்கிறது. முதலாவது ஒரு பொருள். இரண்டாவது ஓர் அறிவுரை. மூன்றாவது ஒரு சங்கம். முதல் இரண்டும் இன்றைக்கும் நம்மோடு இருக்கின்றன. மூன்றாவதை மறந்துவிட்டோம். ஏன் மறந்தோம் என்பதுதான் இங்கே கேள்வி.

2

பொருளிலிருந்து ஆரம்பிக்கலாம். 1840 ஜனவரி 10ஆம் தேதி பிரிட்டனில் ஒரு பென்னி தபால் முறை அமலுக்கு வந்தது. அதற்கு முன் கடிதம் பெறுகிறவர்தான் பெரும்பாலும் கட்டணம் கொடுக்க வேண்டும். அதுவும் தூரத்துக்கு ஏற்றபடி ஏறிக்கொண்டே போகும். இப்போது நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும், அரை அவுன்ஸ் எடைக்குள் இருந்தால், ஒரே பென்னி. அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டிவிடலாம். கடிதம் எழுதுவது மலிவாகிவிட்டது. மலிவானதும் என்ன ஆச்சு? எழுதாமல் இருப்பதற்கான சாக்கு போய்விட்டது. பணம் இல்லை, தூரம் அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. எழுதாதவர் மறந்துவிட்டவர், மதிக்காதவர் என்று ஆகிவிட்டார். ஒரு வசதி ஒரு கடமையாக மாறுகிற கணம் இதுதான்.

இந்தத் தபால் சீர்திருத்தத்தில் ரோலண்ட் ஹில்லோடு சேர்ந்து வேலை பார்த்தவர் ஹென்றி கோல் என்கிற அரசு அதிகாரி. பின்னாளில் 1851 மாபெரும் கண்காட்சியை அமைத்தவர்களில் ஒருவர். 1843 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருக்கு ஏகப்பட்ட வேலை. நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு படம் வரைய வைத்து, கல்லச்சில் ஆயிரம் பிரதிகள் அடித்து, கையால் வண்ணம் தீட்ட வைத்தார். மேலே பெறுகிறவர் பெயருக்கு ஓர் இடம், கீழே அனுப்புகிறவர் பெயருக்கு ஓர் இடம், நடுவில் அச்சடித்த வாழ்த்து. தன் தேவைக்குப் போக மீதியை ஒரு ஷில்லிங்குக்கு விற்பனைக்கு விட்டார். வணிகத்துக்காக அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று வரலாற்று நூல்கள் இதைத்தான் சொல்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்த அட்டை பிறந்ததே சுமையைக் குறைக்கத்தான். வாழ்த்துச் சொல்ல நேரமில்லாத ஒருவர் கண்டுபிடித்த குறுக்குவழி அது. இரண்டு, அதிலிருக்கிற படம். நடுவில் ஒரு குடும்பம், மூன்று தலைமுறை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து மதுக் கோப்பையை உயர்த்துகிறது. இரண்டு பக்கமும் ஏழைகளுக்குச் சோறு போடுகிற காட்சியும் துணி கொடுக்கிற காட்சியும். குழந்தை கையில் மது இருக்கிறதே என்று மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த மேசையில் இருக்கிற சாப்பாட்டைச் சமைத்தவர் யார், பரிமாறியவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. படத்தில் ஈகை இருக்கிறது, உறவு இருக்கிறது, உழைப்பு மட்டும் இல்லை. அடுத்த ஒன்றரை நூற்றாண்டுப் பண்டிகைப் பிம்பங்களுக்கெல்லாம் இதுவே வார்ப்பு.

ஒரு ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி. தபால் செலவைப் போலப் பன்னிரண்டு மடங்கு. கோலின் அட்டை உடனே பரவவில்லை என்றால் அதில் ஆச்சரியமில்லை. வண்ண அச்சு மலிவாகி, 1870இல் அரைப் பென்னிக் கட்டணமும் வந்த பிறகுதான் வெள்ளம் திறந்தது. பத்தே வருஷத்தில், 1880இல், பிரிட்டிஷ் தபால் துறை பொதுமக்களைக் கெஞ்சத் தொடங்கிவிட்டது: கிறிஸ்துமஸ் அட்டைகளைச் சீக்கிரமே அனுப்புங்கள். ஓர் அதிகாரியின் நேரத்தை மிச்சப்படுத்த வந்த அட்டை இப்போது தபால்காரரின் முதுகில் ஏறியிருந்தது. இங்கிலாந்தில் 1960 வரை கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூடத் தபால் பட்டுவாடா நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுமை குறையவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியது, கைமாறும்போது பெருகவும் செய்தது.

அட்லாண்டிக்கைத் தாண்டி இதைத் தொழிலாக்கியவர் பாஸ்டன் நகரத்து அச்சுக்காரர் லூயி பிராங். 1848 ஐரோப்பியப் புரட்சியில் ஈடுபட்டு, ஜெர்மன் நாட்டிலிருந்து தப்பி ஓடி வந்தவர். 1870களின் நடுவில் அமெரிக்காவில் அட்டை விற்க ஆரம்பித்து, 1880களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் அட்டைகள் அச்சடித்தார். புரட்சிக்காரர் வாழ்த்து அட்டை வியாபாரியானதைக் கிண்டல் செய்வது எளிது. அதை விட முக்கியமானது, உறவைப் பேணுவது என்கிற காரியம் சரக்காக மாறியதும் அதற்கு ஓர் எண்ணிக்கை வந்துவிட்டது என்பது. எத்தனை அட்டை அனுப்பினோம், எத்தனை வந்தன என்று எண்ணலாம். எண்ணக்கூடியது எதுவோ அதில் கடனும் உண்டு.

3

எண்ணிக்கை என்பது அட்டையோடு வந்த புது வியாதி என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வருகிறவர்களை உபசரிப்பதிலும் அது இருந்தது. டச்சுக்காரர்கள் விட்டுப்போன பழக்கம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில் பெரிய சடங்காக வளர்ந்திருந்தது. புத்தாண்டு அன்றைக்கு வசதியான வீட்டுப் பெண்கள் எல்லாம் உடுத்திக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மேசை நிறையச் சாப்பாடும் பானமும். ஆண்கள் வீடு வீடாகப் போய் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் உட்கார்ந்து, ஏதாவது கொறித்து, வாழ்த்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினோம் என்று ஆண்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று பெண்கள் கணக்கு வைப்பார்கள். ஆணுக்குத் தெரு, பெண்ணுக்குக் கூடம். அந்தக் கூடத்துக்குப் பின்னால், அடுக்களையில், வேலைக்காரப் பெண்கள். அந்நகரத்தில் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்குப் புத்தாண்டு எப்போது முடிந்தது என்பதை எந்தக் கணக்கும் எழுதி வைக்கவில்லை.

இந்தச் சடங்கு எப்படி ஓய்ந்தது என்பது சுவாரசியமானது. ஊர் பெருத்துவிட்டது, அறிமுகம் இல்லாதவர்களும் குடிக்க வருகிறார்கள் என்ற புகார் எழுந்தது. 1880கள் வாக்கில் பல வீடுகளில் கதவில் ஒரு கூடையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வந்தவர் தன் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். உள்ளே வர வேண்டியதில்லை. நிம்மதிதானே? மேல்தட்டு வீடுகளுக்கு நிம்மதிதான். அவர்கள் தங்களுக்குள் ஒரு மௌன உடன்பாட்டுக்கு வந்துவிட்டார்கள்; கூடை கட்டியதற்காக யாரும் யாரையும் அவமதித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வழக்கத்தைத் தனி ஒருவர் விட்டால் அது குற்றம், எல்லோருமாக விட்டால் அதுவே புதிய வழக்கம். மேலே இருக்கிறவர்களுக்கு இது எப்போதும் தெரிந்திருக்கிறது.

4

கீழே இருக்கிறவர்கள் விஷயம் என்ன? இங்கேதான் ஃப்ளாரன்ஸ் கெல்லி வருகிறார். இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி எங்கெல்ஸ் எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்று சொன்னால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அந்த மொழிபெயர்ப்பு 1887இல் வெளிவந்தது. 1899இல் அமெரிக்காவில் தேசிய நுகர்வோர் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் பொதுச்செயலாளராகப் பொறுப்பேற்றவர் அவர். பொருளை வாங்குகிறவருக்கு, அதைச் செய்கிறவரும் விற்கிறவரும் எந்த நிலையில் வேலை பார்க்கிறார்கள் என்பதில் பொறுப்பு உண்டு என்பதே கழகத்தின் நிலைப்பாடு.

பண்டிகைக் காலம் கடைப் பெண்களுக்கு நரகமாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் இளம் பெண்களின் வேலையை வாரத்துக்கு 60 மணி நேரமாக வரம்பு கட்டிய 1896ஆம் வருஷத்துச் சட்டம், டிசம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரைக்கும் அந்த வரம்புக்கு விலக்கு கொடுத்திருந்தது. எப்போது மிக அதிகமாகத் தேவையோ அப்போது சட்டம் லீவில் போய்விடும்! ராத்திரி பத்து மணி, பதினோரு மணி வரை நின்றுகொண்டே விற்க வேண்டும். பல கடைகளில் கூடுதல் நேரத்துக்குக் கூலி கிடையாது. பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடுகிறவர்கள் சிறுவர்கள். கருணையின் பண்டிகை இப்படிக் குரூரமாகத் திரிந்துவிட்டதே என்று 1903இல் கெல்லி எழுதினார். கழகம் மக்களைக் கேட்டுக்கொண்டது: கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், முன்கூட்டியே, பகல் வேளையில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? 'சீக்கிரம் வாங்குங்கள்' என்கிற வாசகத்தைக் கடைக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். விளம்பரத்தில் போட்டார்கள். கடைப் பெண்ணின் ஓய்வுக்காகப் பிறந்த கோரிக்கை, வியாபாரப் பருவத்தை நீட்டிக்கிற கோஷமாக மாறியது. இன்றைக்கு அந்த வாசகத்தைக் கேட்கிற யாருக்கும் அது தொழிலாளர் கோரிக்கையாக இருந்தது என்று தெரியாது. முன்பே திட்டமிடுங்கள் என்று இன்று பத்திரிகைகள் சொல்கிற யோசனையின் பூர்வீகங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. வேலை நேரம் பற்றிய கேள்வியிலிருந்து தொழிலாளியை உருவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது குடும்பத்தலைவிக்கு ஓர் அறிவுரை. அதைப் பின்பற்ற முடியாவிட்டால் தப்பு அவள் மேல்.

5

மூன்றாவது வழி சங்கம். 1912 நவம்பரில் நியூயார்க்கில் 'பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்' என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்பக்' என்று கூப்பிட்டார்கள். பின்னணி இதுதான். உழைக்கும் பெண்கள் வருஷத்தில் சில நாளாவது ஓய்வெடுக்கட்டும் என்று விடுமுறைச் சேமிப்பு நிதி ஒன்று நடத்தப்பட்டு வந்தது. வாராவாரம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் டிசம்பரில் காணாமல் போய்விடும். எங்கே? கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் மேற்பார்வையாளருக்கும் முதலாளிக்கும் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க வசூல் நடக்கும். பெயர் போடாவிட்டால் அடுத்த வருஷம் முழுக்க அனுபவிக்க வேண்டியதுதான். அன்பளிப்பு என்ற பெயரில் நடந்த வரிவசூல் அது.

சங்கம் சொன்னது எளிமையான விஷயம். மனமில்லாமல், பயந்துகொண்டு, பதிலுக்குப் பதிலாகக் கொடுக்கிற பரிசை நிறுத்துவோம். ஒருத்தி நிறுத்தினால் அவள் மாட்டிக்கொள்வாள். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் மேற்பார்வையாளர் யாரைப் பழிவாங்குவார்? இது வேலைநிறுத்தத்தின் தர்க்கம். கொடுக்காமல் இருப்பது ஒரு கூட்டுச் செயலாக ஆக்கப்பட்டது. அந்த டிசம்பரில், தேர்தலில் தோற்று ஒரு மாதமே ஆகியிருந்த தியடோர் ரூஸ்வெல்ட் சங்கத்தில் சேர்ந்தார். சேர்ந்த முதல் ஆண் என்று பத்திரிகைகள் எழுதின.

இதைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. சங்கத்தைத் தொடங்கியவர்கள் தொழிலாளிப் பெண்கள் அல்லர். ஒருவர் ஆன் மார்கன், பெரும் வங்கி முதலாளி ஜே. பி. மார்கனின் மகள். மற்றவர் எலினார் ராப்சன் பெல்மாண்ட், நாடக நடிகையாக இருந்து கோடீஸ்வரரை மணந்தவர். 1909-10இல் சட்டை தைக்கும் பெண்களின் பெரிய வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வந்து நின்ற சீமாட்டிகளில் ஆன் மார்கனும் ஒருவர். அந்தப் போராட்டத்தில் சோஷலிஸ்ட் வாடை அடிக்கிறது என்றதும் ஒதுங்கிக்கொண்டவரும் அவரே. கூலி உயர்வைப் பற்றிப் பேசுவதை விடப் பரிசுச் செலவைக் குறைப்பது பற்றிப் பேசுவது இப்படிப்பட்டவர்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும் என்பது நியாயமான சந்தேகம்தான். இருந்தாலும் அந்தப் பெண்களுடைய சங்கடம் நிஜம். மேலே நோக்கிப் போகிற பரிசு உறவின் அடையாளம் ஆகாது, அது அதிகாரத்துக்குச் செலுத்துகிற கப்பம் என்று பகிரங்கமாகச் சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

கொஞ்ச காலத்திலேயே, சந்தோஷத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்ற பழிக்குப் பயந்து, பெயரில் இருந்த 'பயனற்ற', 'தடுக்கும்' என்ற சொற்கள் போய்ப் 'பயனுள்ள பரிசளிப்பை வளர்க்கும் சங்கம்' என்று ஆயிற்று. பெயர் மாறியதும் அரசியலும் மாறிவிட்டது. எதைக் கொடுக்கக் கூடாது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதிலிருந்து எதை வாங்கிக் கொடுப்பது என்பதற்கு வந்துவிட்டார்கள். அது கடைக்காரர்களின் கேள்வி. பிறகு உலகப்போர் வந்தது, சங்கம் கரைந்தது.

6

சங்கம் போனதும் பொருளும் அறிவுரையும் களத்தை எடுத்துக்கொண்டன. 1910இல் கான்சஸ் நகரத்துக்கு இரண்டு செருப்புப் பெட்டி நிறைய அஞ்சலட்டைகளோடு வந்திறங்கிய ஜாய்ஸ் ஹால் என்கிற இளைஞர் தொடங்கிய வியாபாரம்தான் பின்னாளில் ஹால்மார்க். பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆண்தான். அனுப்பியதும் எழுதியதும் நினைவு வைத்ததும்தான் பெண்கள்.

1960இல் பெக் பிராக்கன் என்பவர், சமைக்கப் பிடிக்காதவர்களுக்காக ஒரு சமையல் புத்தகம் எழுதினார். விருந்தாளி வந்தால் தகர டப்பா சூப்பை ஊற்றி ஒப்பேற்றிவிடலாம் என்கிற மாதிரியான யோசனைகள். ஆண் பதிப்பாசிரியர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பெண் பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார். 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு பெண் அச்சில் சொல்லிவிட்டதே அந்த நாளில் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது. ஆனால் சிரித்து முடித்த பிறகும் அடுப்பங்கரையில் நிற்பது அவள்தான். அவள் புருஷன் ஏன் ஒரு நாள் சமைக்கக் கூடாது என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்கு வெளியே இருந்தது.

அந்தக் கேள்வியைச் சரியான சொற்களில் வைத்தவர் மானிடவியலாளர் மிக்கேலா டி லியோனார்டோ. கலிபோர்னியாவில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களிடையே ஆய்வு செய்தவர். 1987இல் அவர் எழுதிய கட்டுரை, அட்டை அனுப்புவது, தொலைபேசியில் விசாரிப்பது, பண்டிகை விருந்துக்கு ஏற்பாடு செய்வது, யாரோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது எல்லாவற்றையும் சேர்த்து 'உறவு வேலை' என்று பெயரிட்டது. கூலி வேலை, வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டும் என்றார். கணவனின் உறவுகளுக்கும் மனைவியே அட்டை எழுதுகிறாள். அவள் போய்விட்டால் அந்த ஆணின் உறவுகள் அறுந்து போகின்றன.

அவர் இதோடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வேலை சுரண்டல் மட்டும்தான் என்று முடித்துவிட்டால் பெண்கள் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளங்காது. உறவு வலையைக் கையில் வைத்திருப்பது ஒரு பலம். கஷ்ட காலத்தில் உதவி அந்த வழியாகத்தான் வருகிறது. முதுமையில் கவனிப்பும் அப்படித்தான். ஆகவே பண்டிகையை ஒழித்துக்கட்டு, அட்டையைக் கிழித்துப்போடு என்று புரட்சிக் குரல் கொடுக்கிற ஆண், இருக்கிற ஒரு பாதுகாப்பையும் அவளிடமிருந்து பிடுங்கச் சொல்கிறவராகவே ஆகிவிடுவார். நம் இயக்கங்களில் இதைப் பார்த்திருக்கிறோம்.

7

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிட முடியாது. காலனி ஆட்சியில் கிறிஸ்துமஸ் நாளிலும் புத்தாண்டு நாளிலும் துரைமார் பங்களாவுக்குப் பழக்கூடை கொண்டு போகிற 'டாலி' முறை இருந்தது. நம் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மாலையும் வைத்துத் துரையைப் 'பார்த்துவிட்டு' வந்தார்கள். நியூயார்க் கடைப் பெண் மேற்பார்வையாளருக்குக் கொடுத்ததும் இந்த எலுமிச்சம்பழமும் ஒரே ஜாதி. துரை போய்விட்டார். மேலதிகாரி வீட்டு விசேஷத்துக்கென்று அலுவலகத்தில் சுற்றி வருகிற வசூல் தாள் போகவில்லை. எழுதாமல் விட்டால் எப்படி என்று கையெழுத்துப் போடுகிற கடைநிலை ஊழியரின் தயக்கத்தை 1912ஆம் வருஷத்துப் பெண்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

கோலின் குறுக்குவழி இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. தபால் செலவு பூஜ்யம். ஆகவே வாழ்த்தாமல் இருப்பதற்கான சாக்கும் பூஜ்யம். பொங்கல் அட்டை வாங்கக் கடைவாசலில் நின்ற காலத்தில் பத்துப் பேருக்கு அனுப்பினால் போதும். இப்போது இருநூறு பேர் அனுப்பிய படத்துக்கு இருநூறு பேருக்கும் பதில் போட வேண்டியிருக்கிறது. 1840இல் நடந்ததுதான் மறுபடி நடக்கிறது.

வரலாறு நமக்குச் சொல்வது இவ்வளவுதான். கருவியால் இந்தச் சுமை குறைந்ததில்லை. தனி ஆளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையாலும் குறைந்ததில்லை. அது குறைந்த சந்தர்ப்பங்கள், இது இனி வேண்டாம் என்று பலர் சேர்ந்து, வெளிப்படையாக, ஒருவரையொருவர் குற்றவாளி ஆக்காமல் முடிவு செய்த சந்தர்ப்பங்கள். மேல்தட்டு அதைக் கதவில் கூடை கட்டிச் சுலபமாகச் செய்துகொண்டது. உழைக்கும் பெண்களுக்கு அதற்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது. நமக்கும் அது சாத்தியம்தான். வசூல் தாளை ஒருத்தர் மறுக்காமல் தொழிற்சங்கம் மறுக்கலாம். இந்தத் தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு பலகாரம் போதும், வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வோம் என்று ஒரு தெரு முடிவு செய்யலாம். தன் அண்ணன் தங்கைகளுக்கு வாழ்த்துச் சொல்லுகிற வேலையை ஓர் ஆண் தானே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு எந்த இயக்கத்தின் அனுமதியும் வேண்டாம். வருகிற பொங்கலுக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் உங்கள் வீட்டில் இப்போது யார் தலைக்குள் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எவற்றை அடிக்கலாம், எவற்றை யார் செய்வது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்க முடியும்.